மங்கிய கையெழுத்தின் மேல் எழுதாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். மணி அடித்தாலும் பாடத்தை நிறுத்தாத வாத்தியார் என்று பெயர் வாங்கியவன் நான். இங்கே மணியும் கிடையாது.

போன வாரம் 1998 பேட்ச் மாணவர் ஒருவர் போன் செய்தார். பெயர் வேண்டாம். அவர் மகனிடம் தோனி கையெழுத்துப் போட்ட மஞ்சள் தொப்பி ஒன்று இருந்தது. பாட்டி அதை அழுக்குத் தொப்பி என்று நினைத்து வாஷிங் மெஷினில் போட்டுவிட்டார். (அம்மா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மேல் தப்பே இல்லை. கையெழுத்து வாங்கிய தொப்பியை நாற்காலி மேல் போட்டுவிட்டுப் போனவன் மேல்தான் தப்பு.) பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

"சார், நீங்க கெமிஸ்ட்ரி சார்தானே. லேசா கோடு தெரியுது சார். அதே மாதிரி கறுப்பு மார்க்கர் ஒண்ணு வாங்கி, அந்தக் கோட்டு மேலயே நிதானமா எழுதிடலாமா? பையனுக்குத் தெரியவே தெரியாது."

வேண்டாம்ப்பா என்றேன். ஏன் சார் என்றார். ரெண்டு நாள் கழிச்சுச் சொல்றேன் என்று வைத்துவிட்டேன். அந்தக் 'ஏன்' எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் வேறு ஒருவரிடம் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நேற்று ஒப்புக்கொண்டேன். அதனால் இன்று எழுதுகிறேன்.

என் அண்ணனை உறவுகள் எல்லோருக்கும் தெரியும். மாணவர்களில் சிலர் ஆண்டு விழாவில் பார்த்திருப்பீர்கள், முன் வரிசையில் உட்கார்ந்து சத்தமாகக் கைதட்டுகிறவர். 2012-ல் போய்விட்டார். அவருக்கு கிரிக்கெட் பைத்தியம். அப்போது எங்கள் வீடு திருவல்லிக்கேணியில். சேப்பாக்கம் நடக்கிற தூரம். 1975 ஜனவரியில் பொங்கல் சமயத்தில் மேற்கிந்தியத் தீவுகள் அணி அங்கே டெஸ்ட் ஆட வந்தது. அவர்களுக்கு கிளைவ் லாயிட் கேப்டன், நமக்குப் பட்டோடி. ஆட்டத்துக்கு முந்தின நாள் வலைப்பயிற்சி பார்க்கப் போன அண்ணன், கையில் ஆட்டோகிராஃப் நோட்டோடு போனார். ரோஸ், நீலம், மஞ்சள் என்று கலர் கலராகப் பக்கம் இருக்குமே, அந்தச் சின்ன நோட்டு. பிரசன்னா, பேடி இருவரும் யாரோ நீட்டிய பால்பாயிண்ட் பேனாவில் போட்டார்கள். விஸ்வநாத் மட்டும் அண்ணனுடைய மைப் பேனாவை வாங்கிப் போட்டார். ரோஸ் பக்கத்தில், ராயல் புளூ மை.

மறுநாள் தொடங்கிய அந்த ஆட்டத்தில் என்ன நடந்தது என்று பழைய ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் இன்னிங்ஸில் இந்தியா 190. ஆண்டி ராபர்ட்ஸ் ஒருவரே 7 விக்கெட். ஒரு பக்கம் எல்லோரும் வந்து வந்து போக, விஸ்வநாத் 97 நாட் அவுட். கடைசியில் கூட நிற்க ஆள் இல்லாமல் சதம் போயிற்று. ஆனால் இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. ஸ்கோர் புத்தகத்தில் சதம் இல்லாத இன்னிங்ஸ்களில் இதுபோல் பேசப்படுவது அபூர்வம். "என் பேனாவுல மை கொஞ்சம் கம்மியா இருந்தது, அதான் மூணு ரன் குறைஞ்சுபோச்சு" என்று அண்ணன் முப்பத்தேழு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார். நாங்களும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்போம்.

அவர் போன பிறகு நோட்டு அண்ணியிடம் இருந்தது. ஜாபர்கான்பேட்டையில் தரைத்தள வீடு, பீரோவின் கீழ்த்தட்டு. 2015 டிசம்பர் முதல் வாரம் அடையாறு என்ன செய்தது என்று சென்னைக்காரர்களுக்குத் தெரியும். அண்ணியை முதலில் மாடிக்கு ஏற்றினோம், அப்புறம் வேறு வீட்டுக்கு. தண்ணீர் வடிந்து மூன்றாம் நாள் பீரோவைத் திறந்தால் பட்டுப்புடவை, பத்திரம், நோட்டு எல்லாம் ஒரே சேறு. அண்ணி பட்டுப்புடவையைத் தொடவில்லை. நோட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "நீங்க பாத்து ஏதாவது பண்ணுங்க தம்பி" என்றார்.

நான் பண்ணினேன். முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன், அந்த ஒரு வாரத்தில் செய்யக்கூடாத எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தேன்.

ஒட்டிக்கொண்டிருந்த பக்கங்களை ஈரத்தோடு பிரித்தேன். மூலைகள் கிழிந்தன. மொட்டைமாடியில் உச்சி வெயிலில் காயப்போட்டேன். சுருங்கிப் போனதை அயர்ன் பாக்ஸ் வைத்துத் தேய்த்தேன். கிழிசலுக்கு செல்லோடேப். பேடி பக்கம் ரொம்ப நைந்திருந்ததால் ஒரு ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்தேன். இப்போது அதில் நடுவில் ஒரு கொப்புளம், ஓரத்தில் பழுப்பு. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் காகிதத்தின் நாரோடு பிடித்துக்கொள்ளும். அதைப் பிரித்தால் பேடியும் கூடவே வந்துவிடுவார். 2023-ல் அவர் காலமான அன்று அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுமுட்டிக் கிடப்பதுபோல இருந்தது.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? நனைந்த காகிதத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று பூஞ்சை, இரண்டு நாளிலேயே ஆரம்பித்துவிடும். இன்னொன்று நம் அவசரம். நனைந்த புத்தகத்தைப் பிரிக்காமல் அப்படியே பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால் பூஞ்சை நின்றுவிடும், பிறகு நிதானமாக வேலை பார்க்கலாம். உலகம் முழுவதும் நூலகங்கள் வெள்ளத்தில் இதைத்தான் செய்கின்றன. எங்களுக்கு அந்த வாரம் கரண்ட்டே இல்லை என்பது வேறு விஷயம். அப்படியானால் நிழலில், காற்றோட்டமாக, மை உறிஞ்சும் வெள்ளைத் தாளைப் பக்கங்களுக்கு இடையில் வைத்து மாற்றி மாற்றிக் காயவிட வேண்டும். அச்சடித்த செய்தித்தாள் கூடாது, அதன் மை ஏறும். வெயில் கூடாது, சூடு கூடாது.

கிழிசலை ஒட்டுவதற்கு ஆவணக் காப்பாளர்கள் மெல்லிய ஜப்பானியக் கைத்தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் பயன்படுத்துகிறார்கள். நம் வீட்டு மைதா பசைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் புரதத்தைக் கழுவி எடுத்துவிட்டுச் சுத்தமான ஸ்டார்ச்சை மட்டும் காய்ச்சுவார்கள். பூச்சிக்காக நம்ம பைண்டர்கள் பசையில் போடுவார்களே மயில்துத்தம், அதுவும் கிடையாது. பூச்சி வராது, ஆனால் அதில் உள்ள தாமிரம் நாளடைவில் காகிதத்தையே தின்னும். ஸ்டார்ச் பசையின் பெரிய குணம், நாளை தப்பு என்று தெரிந்தால் கொஞ்சம் ஈரம் காட்டி எடுத்துவிடலாம். திரும்பப் போக வழி உள்ள வேலையை மட்டும் செய் என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் விதி. செல்லோடேப்பும் லேமினேஷனும் திரும்ப விடாது.

இதெல்லாம் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போய்க் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். வருடாவருடம் உங்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றி அங்கே கூட்டிப்போய் வெண்கலச் சிலைகளைக் காட்டி, "தாமிரத்தின் மேல் பச்சை ஏன் பிடிக்கிறது?" என்று கேள்வி கேட்டவன்தான் நான். என் வீட்டுப் பொருளுக்கு என்று வந்தபோது அந்த வழி தோன்றவில்லை.

இப்போது விஸ்வநாத்துக்கு வருகிறேன். பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பசை மாதிரியான கரைப்பானில் கலந்த சாயம். தண்ணீருக்கு அவ்வளவு சீக்கிரம் அசையாது, அதனால் பிரசன்னாவும் பேடியும் வெள்ளத்தில் தப்பினார்கள். (ஆனால் வெயிலில் அதுவும் வெளுக்கும். சுவரில் மாட்டியவர்கள் கவனிக்க.) மைப் பேனா மை தண்ணீரில் கரைத்த சாயம். கிடைத்த முதல் தண்ணீரோடு போய்விடும். காய்ந்த பிறகு ரோஸ் பக்கத்தில் இளநீலப் புகை மாதிரி ஒன்றும், நடுநடுவே முடிபோல் இரண்டு மூன்று கோடுகளும் மட்டும் இருந்தன.

ஒரு ராத்திரி, எல்லோரும் தூங்கிய பிறகு, நீல ஜெல் பேனா எடுத்து அந்தக் கோடுகளின் மேல் எழுதினேன்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பழைய பத்திரிகைப் படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காகிதத்தில் பத்துப் பதினைந்து தடவை பழகிவிட்டுத்தான் எழுதினேன். அண்ணியிடம் நோட்டைக் கொடுத்தபோது, "காய்ந்ததும் மை தெளிஞ்சு வந்துடுச்சு அண்ணி" என்றேன். வேதியியல் வாத்தியார் சொன்னால் யார் மறுப்பார்கள்? அண்ணி கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்று நான் செய்தது அன்பினால்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் விளைவைக் கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் மங்கிய மை சில சமயம் புற ஊதா விளக்கில், அதற்கான கேமராவில், தெரியும். பழைய ஏடுகளை அப்படிப் படிக்கிறார்கள். அந்த இளநீலப் புகைக்குள் விஸ்வநாத்தின் கை போன தடம் ஏதாவது இருந்திருக்கலாம். இருந்ததா என்று இனிப் பார்க்க முடியாது, அதன் மேல் என் ஜெல் மை உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் மையைத்தான் கொண்டுபோனது. மிச்சமிருந்த தடத்தை மூடியது நான்.

என் நண்பர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இதில் என்னோடு சண்டைக்கு வந்தார். "ஓலைச்சுவடியில் எழுத்து தெரியாவிட்டால் கரி மை தடவித் தெரிய வைக்கிறோமே, அது மட்டும் சரியா?" என்றார். நல்ல கேள்வி. ஆனால் சுவடியில் எழுத்து எழுத்தாணியால் கீறியது. மை அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும், மேலே உள்ளதைத் துடைத்துவிடுவார்கள். எழுதியவன் கீறாத ஒரு கோடுகூட மையால் புதிதாக வராது. அதைவிட முக்கியமானது, சுவடியில் நமக்கு வேண்டியது பாட்டு. அதனால்தான் செல்லரித்த ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் படியெடுத்தார்கள், பாட்டு பிழைத்தது. கையெழுத்தில் என்ன பாட்டு இருக்கிறது? 'ஜி. ஆர். விஸ்வநாத்' என்ற பெயரை நான்கூடத்தான் எழுதுவேன். அந்தக் கை, அந்த நேரத்தில், இந்தத் தாளில் பட்டது என்பது மட்டும்தான் அதன் மதிப்பு. படியெடுத்தால் அதுதான் போகும். நண்பர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "கோயில் குடமுழுக்கு என்று சொல்லி மணல் பீய்ச்சிக் கல்வெட்டை அழித்த கதை" என்றார். கிட்டத்தட்ட அதுதான். அங்கேயும் பளிச்சென்று ஆக்கத்தான் ஆசைப்பட்டார்கள்.

அமெரிக்காவில் பேஸ்பால் பந்துகளில் கையெழுத்து வாங்கிச் சேர்ப்பது பெரிய பழக்கம். அந்தக் காலத்தில் மை அழியாமல் இருக்கட்டும் என்று பந்தின் மேல் ஷெல்லாக், அதாவது நம்ம தச்சர்கள் பூசும் அரக்கு வார்னிஷ், பூசி வைத்தார்கள். அது வருடங்கள் போகப் போகப் பழுப்பேறி, வெடித்து, கையெழுத்தையே மறைத்தது. இன்று அந்தச் சேகரிப்பாளர்கள் மத்தியில், மங்கிய கையெழுத்தை அப்படியே விட்டால் அது மங்கிய கையெழுத்து. மேலே யாராவது எழுதிவிட்டால் அதை ஒரிஜினல் என்று சான்று கொடுக்கத் தயங்குவார்கள், விலையும் விழும். பணத்துக்காகச் சொல்லவில்லை. பணத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத சந்தைக்குக்கூட இது புரிகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

"விஸ்வநாத்திடமே மறுபடி ஒன்று வாங்கிவிடலாமே" என்று என் தங்கை கேட்டாள். வாங்கலாம். நல்ல கையெழுத்தாக இருக்கும். ஆனால் 97-க்கு முந்தின நாள் போட்டதாக இருக்காது. அண்ணன் பேனாவும் இருக்காது.

இந்த விஷயம் ஏன் இப்போது கிளம்பியது என்றால், அண்ணன் மகன் கோவையில் வீடு கட்டியிருக்கிறான். ஹாலில் அந்த ரோஸ் பக்கத்தைப் பெரிதாக ஃப்ரேம் போட்டு மாட்டப் போகிறேன், கீழே '1975 சேப்பாக்கம்' என்று பித்தளைத் தகடு வைக்கப் போகிறேன், எந்தக் கண்ணாடி நல்லது சித்தப்பா என்று கேட்டிருந்தான். பதில் போடாமல் ஒரு மாதம் ஓட்டினேன். அப்போதுதான் தொப்பிக்காரரின் போன் வந்தது. "பையனுக்குத் தெரியவே தெரியாது சார்" என்றாரே, அந்த வார்த்தை தூங்கவிடவில்லை. தெரியாமல் வளர்ந்த பையன் ஒரு நாள் அதைத் தன் ஹாலில் மாட்டுவான்.

நேற்று காலை அண்ணி வீட்டுக்குப் போனேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிராமல், "எனக்குத் தெரியும் தம்பி" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை.

"நீங்க வேலூர்ல வேலைல இருந்தப்ப உங்க அண்ணனுக்கு எவ்வளவு கடுதாசி போட்டிருக்கீங்க. நான்தானே படிச்சுக் காட்டுவேன். உங்க எழுத்து எனக்குத் தெரியாதா? நீங்க மெனக்கெட்டுப் பண்ணீங்களேன்னு விட்டுட்டேன்" என்றார். அப்புறம், "ஆனா அவன்கிட்ட சொல்லிடுங்க. அவன் பிள்ளைங்க நாளைக்கு அதை வேற யார்கிட்டயாவது காட்டும்" என்றார்.

சாயங்காலம் அவனுக்குப் போன் செய்து சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "சரி சித்தப்பா, பொங்கலுக்கு வந்து எடுத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னான். கோபமா வருத்தமா தெரியவில்லை. இரண்டுக்கும் அவனுக்கு உரிமை இருக்கிறது.

நான் இப்போது செய்து வைத்திருப்பது இதுதான். ஜெல் மையைச் சுரண்டவோ அழிக்கவோ போவதில்லை, அது மிச்சத்தையும் கெடுக்கும். நோட்டை அமிலம் இல்லாத தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். பி.வி.சி. ஆல்பம் உறையில் வைக்கவில்லை, அது நாளாக ஆகப் பிசுபிசுத்து மையைத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை என்று கேட்டு வாங்குங்கள். கூடவே ஒரு துண்டுச்சீட்டு, பென்சிலில் எழுதியது. பென்சில் கரி தண்ணீரில் கரையாது, வெளிச்சத்தில் வெளுக்காது. அதில் எழுதியிருப்பது: "1975 ஜனவரியில் அண்ணன் வாங்கியது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் நனைந்தது. ரோஸ் பக்கத்தில் இப்போது தெரியும் கையெழுத்து 2016-ல் ஜெல் பேனாவால் நான் எழுதியது. அசல் மை அடியில் மிகக் குறைவாக இருக்கலாம். பேடி பக்கம் லேமினேட் செய்ததும் நான்." கீழே என் கையெழுத்து, தேதி.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். சீட்டு எழுதும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் ஏனோ திருப்பிப் பார்த்ததில்லை. பின்பக்கம், கையெழுத்து முடியும் இடத்துக்கு நேராக, மிளகு அளவுக்கு ஒரு நீலப் புள்ளி. பேனா அங்கே நின்றபோது மை தாளில் ஊறி மறுபக்கம் வந்திருக்க வேண்டும். என் ஜெல் பேனா இந்தப் பக்கம் வரவில்லை. ஃப்ரேம் போடுவதென்றால் இருபுறமும் கண்ணாடி வைத்து, பின்பக்கமும் தெரிகிற மாதிரி போடச் சொல்லி அவனுக்கு எழுதியிருக்கிறேன். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, ஓரத்தில் அட்டை இடைவெளி வேண்டும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி. வெயில் விழாத சுவர்.

மற்றவர்களுக்குச் சுருக்கமாக: கையெழுத்துப் போட்ட பேட்டுக்கு லின்சீட் ஆயில் போடாதீர்கள், ஆடுகிற பேட்டுக்குத்தான் அது. எண்ணெய் பட்டால் மை மரத்தின் நாரோடு பரவிவிடும். பந்தை வெறுங்கையால் எடுத்து வந்தவர்களுக்கெல்லாம் காட்டாதீர்கள், வியர்வை போதும் கெடுக்க. ஜெர்சியைத் துவைக்க வேண்டாம். எல்லாவற்றையும் இன்றே நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். யார், எங்கே, எப்போது போட்டது என்று பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள்.

தொப்பித் தம்பிக்கு: மார்க்கர் சாயம் சோப்பிலும் சுழற்சியிலும் போனது போனதுதான், திரும்ப வராது. மிச்சமிருக்கும் கோடு உண்மையான கோடு. ஞாயிற்றுக்கிழமை பையனையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு வா. தொப்பியைக் கொண்டு வா, மார்க்கரைக் கடையிலேயே விட்டுவிட்டு வா. உள்ளே அடைக்க வெள்ளை டிஷ்யூ தாளும் ஒரு பெட்டியும் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வேதியியல் வாத்தியார்